இரட்டை வேகத்தில் ஒரு பட்டப்படிப்பு

என் மடைத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து ஏமாறத் தேவையில்லை. ஒரு பேராசிரியையை இரட்டை வேகத்தில் ஓடவிட்டால் பாதி நேரத்தில் முழு அறிவும் வந்து சேர்ந்துவிடும் என்று நம்பிய ஆள் நான். இதற்கு ஆதாரம் என்று எதுவும் என்னிடம் இருக்கவில்லை. கைபேசித் திரையின் மூலையில் வேகத்தைக் கூட்டுகிற ஒரு சின்னப் பொத்தான் இருந்தது, அவ்வளவுதான். பொத்தான் வைத்திருக்கிறார்கள் என்றால் யாரோ படித்த ஆட்கள் யோசித்துத்தானே வைத்திருப்பார்கள் என்பது என் வாதம். மின்தூக்கியில் அபாயமணிக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை நான் ஏன் தினமும் அழுத்துவதில்லை என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

டோர்ட்மண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் நேர்ஸ். மூன்று வருட ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, கையில் சான்றிதழோடு, வருடக்கணக்காக அங்கேதான் வேலை. வாரத்துக்கு வாரம் மாறி, ஒரு கிழமை காலை வேலை, மறு கிழமை பின்னேர வேலை, இடையிடையே இரவு வேலை. ஆட்களைத் தூக்கித் தூக்கி என் முதுகு தனக்கென்று ஒரு சொந்த அபிப்பிராயம் வளர்த்துக்கொண்டிருந்தது. குனிந்தால் எதிர்ப்புத் தெரிவிக்கும். நிமிர்ந்தால் கேள்வி கேட்கும். வேலை செய்துகொண்டே இணையவழியில் பட்டம் எடுத்தால் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலைக்குப் போகலாம், அதில் இரவும் இல்லை, பின்னேரமும் இல்லை, பகலில் போய்ப் பகலில் வரலாம் என்று சொன்னார்கள். என் முதுகு உடனே சம்மதித்தது.

படிப்பின் இணையப் பக்கத்தில் மூன்று வேகங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். ஒருவர் நடந்து போகிறார், ஒருவர் சைக்கிளில் போகிறார், ஒருவர் ஓடுகிறார். ஓடுகிறவருடைய முகத்தில்தான் சிரிப்பு அதிகம். நான் அந்தச் சிரிப்பைத் தெரிவுசெய்தேன்.

ஆலோசனை சொல்கிற பெண் தொலைபேசியில் அழைத்தார். முழுநேர வேலையா என்று கேட்டார், ஆமென்றேன். ஷிப்ட் மாறி மாறி வருமா என்று கேட்டார், ஆமென்றேன். வீட்டில் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார், பதினைந்து வயதில் ஒரு மகள் என்றேன். பிறகு, மிகவும் மரியாதையாக, "நடந்து போகிறவரின் படம் உங்களுக்குப் பொருத்தமாக இருக்கலாம்" என்றார்.

"என்னால் முடியும்" என்றேன். இந்த நாட்டுக்கு வந்து நான் பிழையில்லாமல் சொல்லப் பழகிய முதல் ஜெர்மன் வசனம் அது. வேலை கேட்கப் போன இடங்களிலெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி நாக்குக்கு அது தானாக வரும். அது உண்மையா என்று பார்க்கிற பழக்கம் மட்டும் எனக்கு வரவேயில்லை.

ஆனால் ஓட்டக்காரனைத் தெரிவுசெய்ததற்கு என் மண்டைக்கனம் மட்டும் காரணமில்லை. மனைவியும் ஒரு காரணம். அவள் எங்கள் தெருமுனை வெதுப்பகத்தில் பாணும் கேக்கும் விற்கிறாள். இரண்டு கடை தள்ளிக் காது கேட்கும் கருவி பொருத்துகிற கடை ஒன்று இருக்கிறது. அந்தக் கடைக்காரப் பெண்மணி தினமும் காலையில் பாண் வாங்க வருவார். வயதானவர்கள் வந்தால் என் மனைவி குரலை உயர்த்தமாட்டாள். முகத்தை அவர்கள் பக்கம் நேராகத் திருப்பி, குரலைத் தாழ்த்தி, சொல்லைச் சொல்லாகக் கொடுப்பாள். அதை அந்தப் பெண்மணி பல மாதம் வரிசையில் நின்று பார்த்திருக்கிறார். ஒருநாள், "உங்களுக்கு என்னிடம் வந்து தொழில் பழக விருப்பமா?" என்று கேட்டுவிட்டார். அடுத்த வருடம் ஆகஸ்டில் ஓர் இடம் வரும், அந்த வருட ஈஸ்டருக்கு முன் முடிவு சொன்னால் போதும் என்றாராம். ஒரேயொரு சிக்கல். அந்தத் தொழிலுக்கான பள்ளிக்கூடம் லூபெக்கில். சில கிழமைகள் அங்கே போய்த் தங்கிப் படிக்கவேண்டும்.

இதை என்னிடம் சொன்னபோது அவளுடைய சட்டைக் கையில் மா ஒட்டியிருந்தது. சொல்லி முடித்துவிட்டு, "எனக்கு விருப்பம்" என்றாள்.

கலியாணம் முடித்த நாள் முதல் அவளுடைய "பரவாயில்லை"களை நிறையக் கேட்டிருக்கிறேன். "எனக்கு விருப்பம்" என்பதை நினைவில் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. அன்றே கணக்குப் போட்டேன். நான் ஓடி முடித்தால் அடுத்த ஜூலையில் பட்டம். பட்டம் வந்தால் பகல் வேலை. பகல் வேலை என்றால் அவள் லூபெக் போகிற கிழமைகளில் நான் வீட்டில் நிற்பேன். ஆகஸ்டில் அவள் தொடங்கலாம். நான் நடந்தால் அவளுடைய இடம் வேறு யாருக்கோ போய்விடும். நான் ஒரு கணக்குப் புலி என்று அன்று பின்னேரம் முழுக்க எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

இப்படித்தான் பேராசிரியை என் காதுக்குள் குடிவந்தார்.

வடக்கு ஜெர்மனிக்காரி. என்னுடைய வேகத்தில் அவர் குரல் குளத்தில் பாண்துண்டு கண்ட தாரா வாத்து மாதிரி இருக்கும். நான் இஸ்திரிப் பெட்டியோடு உடுப்பு மினுக்கும்போது பேசுவார், உருளைக்கிழங்கு உரிக்கும்போது பேசுவார், வேலைக்குப் போகிற ட்ராமில் பேசுவார். சில நாட்களிலேயே ஒரு விசித்திரம் நடந்தது. உலகத்தில் மற்ற எல்லோரும் மெதுவாகிவிட்டார்கள். சூப்பர் மார்க்கெட் காசாளர் தண்ணீருக்கடியில் நின்று பேசுவது போல் இருந்தது. மந்திரங்களை மூச்சுவிடாமல் ஓட்டுவதில் பேர்போன எங்கள் கோயில் ஐயர்கூட எனக்கு ஆறுதலாக, ஆற அமரச் சொல்வதாகப் பட்டது. ஆட்கள் கதைக்கும்போது அவர்களுடைய காதோரத்தில் அந்தச் சின்னப் பொத்தான் எங்கேயாவது இருக்கிறதா என்று என் கண் தேடும்.

"அப்பா, நீங்கள் ஏன் நான் கதைக்கேக்க தலையைத் தலையை ஆட்டுறீங்கள்?" என்று மகள் கேட்டாள்.

"கெதியாச் சொல்லு எண்டுதான்."

"உங்களுக்கு விசர்."

"பல்கலைக்கழக விசர் எண்டு சொல்லு. மரியாதையா இருக்கும்."

"அம்மா, அப்பாவுக்கு விசர் படிக்க இடம் கிடைச்சிருக்காம்" என்று அவள் குசினிப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"எத்தினை வருசம்?" என்று அங்கிருந்து மனைவி கேட்டாள். வீடே சிரித்தது, என்னைத் தவிர. நான் அந்தச் சிரிப்பைத் தவறவிட்டேன். தாரா பேசிக்கொண்டிருந்தது.

இலையுதிர்காலம் வந்தபோது எனக்கு விழிப்பும் நித்திரையும் ஒன்றுக்குள் ஒன்று கசியத் தொடங்கின. காலை வேலை முடிந்து பகலில் ட்ராமில் ஏறுவேன். யன்னலோரம் வெயில் இருக்கும், இருக்கைக்கடியில் வெக்கை வரும். பேராசிரியை இதயத்தின் அறைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். நான் கதவைத் திறந்து ஓர் அறைக்குள் போவேன். அதற்குள் எங்கள் இல்லத்தின் நீண்ட நடைபாதை இருக்கும், சக்கர நாற்காலிகள் ஓசையில்லாமல் மிதந்து போகும், எல்லோர் மடியிலும் ஒவ்வொரு விளக்கு. நடைபாதையின் முடிவில் கால்வாய். அதில் நிலக்கரிப் படகுகள் மாதிரிக் கட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். நான் கரையில் நின்று ஒவ்வொரு கட்டிலுக்கும் நாடி பார்ப்பேன்.

ஒருநாள் சாரதி வந்து தோளில் தட்டினார். கடைசித் தரிப்பிடம். நான் இறங்கவேண்டிய இடம் எப்போதோ போயிருந்தது. இறங்கினேன். இத்தனை வருடம் இந்த நகரத்தில் இருந்தும் அந்தப் பாதையின் முடிவில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. ஒரு வயல் இருந்தது. வயலுக்கு மேல் இடுப்பளவு பனிமூட்டம். அதற்குள் ஒரு குதிரை கால்கள் இல்லாமல் நின்றது. என்னைப் பார்த்தது. காதுக்குள் தாரா, "கீழ் மூட்டுகளில் வீக்கம் இருக்கிறதா என்று கவனிக்கவும்" என்றது. நான் உண்மையாகவே கவனித்தேன். கால்களே தெரியவில்லை, வீக்கத்தை எங்கே பார்ப்பது. குதிரையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடுத்த ட்ராமில் திரும்பினேன். நித்திரையில் கேட்டதும் மூளைக்குள் போயிருக்கும் என்று அந்தப் பாடத்துக்கும் சரி அடையாளம் போட்டுவிட்டேன். மடைத்தனத்துக்கு அடிமட்டம் கிடையாது, கண்டீர்களோ.

இல்லத்தில் ஒரு மூதாட்டி இருந்தார். முன்பு பூக்கடை வைத்திருந்தவர். பக்கவாதம் வந்து இடதுபக்கம் சோர்ந்து, சொற்கள் அவரிடம் ஒவ்வொன்றாக, தொலைவிலிருந்து நடந்து வருவது போல வரும். அவருக்குச் சாப்பாடு கொடுக்கிற முறை ஒன்று உண்டு. வலக்கையில் கத்தியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பாணுக்கு அவரே பட்டர் பூசவேண்டும். தன்னால் முடிந்ததை அவரே செய்யவேண்டும், நாங்கள் பறிக்கக்கூடாது. எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. நானோ அந்த நாட்களில் பாணுக்குப் பட்டர் பூசி, மேலே ஜாம் பூசி, துண்டாக வெட்டி, "காலை வணக்கம்" சொல்வதற்கு முன்னமே தட்டில் வைத்துவிடுவேன்.

ஒரு காலை, இடைவேளை முடிந்து காதிலிருந்த இயர்போனைக் கழற்றி அதன் டப்பாவில் போட்டுவிட்டு உணவுக்கூடத்துக்கு வந்தேன். அவர் என் சட்டையைப் பிடித்தார்.

"உன்..." என்றார்.

"என் கையா? குளிராக இருக்கிறதா?"

தலையை இல்லை என்று ஆட்டினார். "உன்... பை..."

"பையன்? எனக்குப் பையன் இல்லை, மகள்தான். தேநீர் வேண்டுமா? யன்னலைச் சாத்தவா? கழிவறைக்குப் போவோமா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். மேசையில் இருந்த மற்ற மூவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு முறை, மிகவும் பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"உன்... சட்டைப்பைக்குள்... ஒருத்தி... கத்துகிறாள்."

அப்போதுதான் எனக்கும் கேட்டது. கைபேசியை நிறுத்த மறந்திருந்தேன். பையிலிருந்து பேராசிரியை தாராக் குரலில் உணவுக்கூடம் முழுக்கக் கேட்கும்படி, நோயாளியை அவசரப்படுத்தாதீர்கள், பதிலுக்கு நேரம் கொடுங்கள், அவருடைய வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள் என்று மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தார். அந்த மேசையில் அவ்வளவு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒருவர் இருமி, நான் முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று. மூதாட்டி முகத்தின் ஒரு பாதியால் சிரித்தார்.

"பாவம்... அவள்" என்றார். "மூச்சு... விட... விடு."

அன்று நான் பாணில் கைவைக்கவில்லை. கத்தியைக் கொடுத்துவிட்டு நின்றேன். பட்டர் பாணின் ஒரு மூலையிலிருந்து புறப்பட்டு மறுமூலைக்குப் போனது. அதற்குள் மேகம் விலகி, வெயில் மேசைக்கு வந்து, தேநீர்க் கோப்பையில் ஏறி, இறங்கியும் போய்விட்டது. கொஞ்ச நேரம் எனக்கு அந்த வேகம் பிடித்திருந்தது. பிறகு வேறு அறையில் மணி அடித்தது, ஓடினேன். மறுநாள் பழையபடி நானே பூசினேன். திருந்துகிற வேலையையும் நான் அவசரத்தில்தான் செய்வேன் போலிருக்கிறது.

மாரிக் குளிர் முடிகிற நேரத்தில் பெரிய சோதனை வந்தது. அதில் தேறினால்தான் ஓட்டக்காரர்களின் வரிசையில் நிற்கலாம். தவறினால் அடுத்த தவணை வரை காத்திருந்து, நடக்கிறவர்களோடு சேர்ந்துகொள்ள வேண்டும். ஆகஸ்ட் என்பது இந்தச் சோதனையின் மேல்தான் நின்றது. மனைவி அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. அன்று காலை வேலைக்குப் போகும்போது, "சாப்பிட்டிட்டு இருங்கோ" என்றாள், அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லுக்குள் லூபெக் முழுக்க இருப்பதாக எனக்குப் பட்டது.

சோதனை வீட்டிலேதான், கணினிக் கமராவின் முன். எங்கோ இருந்து ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். எழும்பக்கூடாது, கமராவை விட்டு விலகக்கூடாது. எங்கள் வீட்டில் மேசை போட இருந்த ஒரே இடம் படுக்கையறையில், சாமி அலுமாரிக்குப் பக்கத்தில். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் முழுகி, திருநீறு பூசி, மேலே வெள்ளைச் சட்டை போட்டுக் கழுத்துப்பட்டி கட்டினேன். கீழே வீட்டில் கட்டுகிற லுங்கிச் சாரம். கமரா நெஞ்சுக்குமேல்தானே பார்க்கும்.

கமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னார் கண்காணிப்பாளர். காட்டினேன்.

"சுவரில் இருப்பவர்கள் யார்?"

"கடவுள்மார்."

"அறையில் வேறு ஆட்கள் இருக்கக்கூடாது என்பது விதி. படங்கள் பற்றி..." அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அவர்கள் உதவி செய்யமாட்டார்கள்" என்றேன். "இதுவரை செய்ததில்லை."

அவர் சிரிக்கவில்லை. தொடங்கலாம் என்றார்.

இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்லவேண்டும். நல்ல காரியம் தொடங்கும்போது சாம்பிராணி போடுவது எங்கள் வீட்டு வழக்கம். வெள்ளிக்கிழமைகளில் மனைவி யன்னலை அகலத் திறந்துவைத்து, அளவாகப் போடுவாள். நான் ஒரு பட்டத்துக்குத் தேவையான அளவு போட்டேன். வெளியே குளிர், அதனால் யன்னல் சாத்தியிருந்தது. மேசையில் ஒன்றும் இருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்களே, அதனால் தட்டை மேசைக்குக் கீழே தள்ளி வைத்திருந்தேன்.

முதல் கேள்விகள் நன்றாகப் போயின. பிறகு மேசையின் ஓரத்தால் ஒரு வெள்ளை நூல் எழும்பியது. யன்னல் வெளிச்சத்தில் அது பிரிந்து, வளைந்து, மறுபடி கூடி மேலே போனது. அதற்குப் பின்னால் இன்னொன்று. திரையில் மூச்சுத்திணறல் பற்றிய கேள்வி. எனக்கு அந்தப் புகையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அதற்குள் அந்த வயல் தெரிந்தது, குதிரை தெரிந்தது, வெகு நாட்களுக்குப் பிறகு தலைக்குள் தாரா பேசாமல் இருந்தது. என்ன அழகு, எவ்வளவு ஆறுதலாகப் போகிறது என்று நினைத்தேன். புகை நேராக மேலே போய், கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவியை அடைந்தது.

இந்த நாட்டில் ஒவ்வொரு படுக்கையறையிலும் அது இருக்கும். அதன் குரல் காதுக்குள் போகாது, பல்லுக்குள் போகும்.

"தயவுசெய்து எழும்ப வேண்டாம்" என்றார் கண்காணிப்பாளர்.

நான் எழும்பினேன். எழும்பியது மட்டுமல்ல, கதிரையில் ஏறினேன். துவாயை எடுத்துக் கூரையை விசிறினேன். கமரா அதன் கடமையைச் செய்தது. கழுத்துப்பட்டி தெரிந்த இடத்தில் என்னுடைய நீலக்கோடு போட்ட சாரம் முழுத்திரைக்கும் வந்திருக்கும். கருவி கத்தியது, கண்காணிப்பாளர் ஏதோ சொன்னார், கதவில் யாரோ தட்டினார்கள். கீழ்வீட்டுப் பெண்மணி. துவாயோடும் கழுத்துப்பட்டியோடும் சாரத்தோடும் போய்க் கதவைத் திறந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நெருப்பா?"

"இல்லை. சோதனை."

அவர் படியிறங்கிப் போனார். திரும்பி வந்தபோது திரையில் ஒரு வரி இருந்தது. பங்கேற்பாளர் இடத்தைவிட்டு விலகியதால் தேர்வு நிறுத்தப்பட்டது.

அடுத்த நாளே அந்த ஆலோசனைப் பெண் மரியாதையாக எழுதியிருந்தார். என்னை நடக்கிறவர்களோடு சேர்த்திருக்கிறார்களாம். பட்டம் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப் போகும். வாசித்துவிட்டு நான் செய்த முதல் காரியம், அதை மனைவியிடம் சொல்லாமல் இருந்தது. சோதனை எப்படி என்று அவள் கேட்டபோது, "பாப்பம்" என்றேன். மகளுக்கும் அதே "பாப்பம்". அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நாட்களைக் கடத்தினேன். ஈஸ்டருக்கு வெதுப்பகத்தில் முயல் வடிவப் பாண் வைத்துவிட்டார்கள். மனைவி மிச்சமானவற்றைக் கொண்டுவருவாள். ஒவ்வொரு முயலும் என்னைப் பார்த்து, சொன்னாயா என்று கேட்டது. நான் காதிலிருந்து தொடங்கிச் சாப்பிட்டு அதன் வாயை அடைத்தேன்.

அந்த நாட்களில் வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போகாமல் கால்வாய்க் கரையால் நடப்பேன். என்னை நடக்கிறவன் என்று பதிந்துவிட்டார்களே, அதற்கு மரியாதை கொடுக்க வேண்டாமா. ஒரு பின்னேரம் பேராசிரியையை அவருடைய சொந்த வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். வேறு யாரையோ போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அவருக்கு ஆழமான, கொஞ்சம் சோர்ந்த குரல். வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையில் மூச்செடுத்தார். தண்ணீர் குடித்தார், கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. ஓரிடத்தில் அவர் வீட்டு நாய் குரைத்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, நாயிடம், "பொறு, வருகிறேன்" என்றார். ஒரு வருடமாக இந்த மனிசி என் காதுக்குள் இருந்திருக்கிறார், அவருக்கு நாய் இருப்பது எனக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. நானும் அதுவும் ஒரே வேகத்தில் போனோம். தண்ணீரில் வானம் நசுங்கி நசுங்கி மறுபடி சரியாகியது. அப்படியே நடந்தால் கடலுக்குப் போய்விடலாம், கடலால் லூபெக் பக்கம் போகலாம், அங்கே அவளுக்கு ஓர் அறை பார்த்துவிட்டு வரலாம் என்றெல்லாம் கனவு ஓடியது. பாலத்தடியில் இருட்டு வந்து முகத்தில் பட்டபோது, அவளுக்கு இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். அவளாவது போய் அந்தக் கடைக்காரப் பெண்மணியிடம் வேளைக்கே இல்லையென்று சொல்லலாம். காத்திருக்க வைத்துக் கைவிரிப்பது அதைவிட மோசம்.

வீட்டுக்குப் போனபோது அவள் குசினியில் சொதிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன்.

"இஞ்சரும்."

"ம்."

"ஒரு கதை சொல்லோணும்."

"சாம்பிராணிக் கதையோ?"

"உமக்கு ஆர் சொன்னது?"

"கீழ்வீட்டு மனுசி அண்டைக்கே பாண் வாங்க வந்தவ. உங்கட மனுசன் கழுத்துப்பட்டியும் பாவாடையும் கட்டிக்கொண்டு நிக்கிறார், சுகமில்லையோ எண்டு கேட்டவ."

"பாவாடை இல்லை எண்டு சொன்னீரோ?"

"வரிசையில ஆக்கள் நிண்டவை. விளங்கப்படுத்த நேரமில்லை."

"அப்ப இவ்வளவு நாளும் ஏன் கேக்காமல் இருந்தனீர்?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தன். எல்லாத்தையும் கெதியாச் செய்யிற மனுசன், இதை மட்டும் நல்ல ஆறுதலாச் செய்தியள்."

லீக்ஸ் வளையங்கள் பலகையில் விழுந்துகொண்டிருந்தன.

"என்னை நடக்கிற ஆக்களோட போட்டிட்டாங்கள்" என்றேன். "இன்னும் ஒரு வருசத்துக்கு மேல எடுக்கும். பகல் வேலை இப்ப கிடைக்காது. உம்மட இடம்... ஈஸ்டருக்கு முதல் அவவுக்குச் சொல்லோணும் என்ன. என்னாலதான் உமக்கு இப்பிடி..."

"நான் கையெழுத்து வைச்சிட்டன்."

"எதில?"

"வேற எதில. ஆகஸ்ட் முதலாந்திகதி தொடக்கம்."

"எப்ப வைச்சனீர்?"

"மாசி மாசம்."

"சோதினைக்கு முதலோ?"

"ஓம்."

கதிரையைத் தேடி உட்கார்ந்தேன். ஒரு வருடமாக அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதாக நினைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் என் முதுகில் யாரும் இல்லை. அவள் எனக்கு முன்னால், தன்பாட்டில், கடைக்குள் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்து பாண் விற்றுக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு ரோசம் வந்தது. ரோசத்துக்குப் பக்கத்திலேயே வேறொன்றும் வந்தது. அதற்கு இன்றுவரை பெயர் வைக்கவில்லை. முதுகு மட்டும் பெருமூச்சு விட்டது.

"நான் முடிப்பன் எண்டு நம்பிக்கை இல்லையோ?"

"முடிப்பியள். அது உங்கட படிப்பு. இது என்ர வேலை."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே."

"சொன்னா அந்தப் பேராசிரியை மனுசியை மூண்டு மடங்கில ஓட விட்டிருப்பியள். சோதினை வரைக்கும் சும்மா இருப்பம் எண்டு விட்டன்."

உண்மை. விட்டிருப்பேன். தாராவைத் தாண்டி அவரைக் கொசுவாக்கியிருப்பேன். அவள் கத்தியை வைத்துவிட்டு அடுப்பில் சட்டியை ஏற்றினாள். வெந்தயம் வெடிக்கிற சத்தம். யன்னலில் நீராவி படிந்து வெளியே இருந்த தெருவிளக்கு ஒரு மஞ்சள் பூவாகப் பெரிதானது. எனக்கு அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் விருப்பம். ஆனால் உள்ளே இருக்கிற கணக்குப் புலி இன்னும் சாகவில்லை.

"சரி. நீர் லூபெக்குக்குப் போற கிழமையளில எனக்கு பின்னேர வேலை வரும், இரவு வேலை வரும், படிப்பும் இருக்கு. பிள்ளை இருக்கிறாள், சமையல் இருக்கு, உடுப்புத் தோய்க்கிறது இருக்கு. உதெல்லாத்தையும் ஆர் பாக்கிறது?"

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"வேற ஆர்?"